விசாலம் டீச்சர் காரில் ஒரு சத்தம்

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு கார் இருமியது. வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவு. அனுப்பியது லிசி. நான் வேலை பார்த்த சுள்ளிக்கல் ஒர்க்‌ஷாப்பை இப்போது நடத்துகிறவள் அவள்தான். "செல்வண்ணா, ஏசி போட்டா இந்த ஒச்சை வருதாம். என்னன்னு சொல்லணே" என்று கீழே ஒரு வரி. ஒச்சை என்றால் சத்தம். காதில் வைத்துக் கேட்டேன். கார் ஒரு தடவை இருமியது. அப்புறம் ஒரு காக்கை. அதற்கப்புறம் யாரோ அயிலை மீன் விலை கேட்டார், பதில் சொன்னவர் ஏதோ வைதார். கடைசியில் ஒரு பெரிய இரைச்சல். அது ஏசியா அரபிக்கடலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை லிசியைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் வண்டிக்காரர்கள் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, வசதிதான். ஆனால் போனுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். காக்கையையும் கம்ப்ரசரையும் அது ஒரே மரியாதையோடு பிடித்து வைக்கும். மனிதன் வாயால் செய்து காட்டும்போது, அவனை உறுத்துகிற சத்தம் மட்டும்தான் வாயில் வரும். அப்படித்தான் நாங்கள் நோய் கண்டுபிடித்தோம். ஒரே ஒரு தடவை அந்த வித்தை எங்கள் காலையே வாரிவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தமிழ் மன்றத்து மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் நச்சரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தமிழ் பேசவும் வாசிக்கவும் தடையில்லை. எழுதும்போதுதான் நடுவில் ஒரு மலையாள எழுத்து வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜ் வேலை படித்தவன். மட்டாஞ்சேரியில் அப்போது காரில் ஏசி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களும் சம்பந்தி வீட்டார் ஏறினால்தான் அதைப் போடுவார்கள். பிறகு எல்லாக் காரிலும் ஏசி வந்தது. நான் ஃபிரிட்ஜை விட்டுவிட்டு அவுசேப்பு ஆசானிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்து, அங்கேயே மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

ஆசான் லிசியின் அப்பா. கிரீஸ் வேலைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த வேட்டியில் ஒரு பொட்டுக் கறை படாது, கறை படுகிற வேலையெல்லாம் நாங்கள் செய்தோம். அவர் மனிதர்களிடம் கறாராகப் பேசுவார், கார்களிடம் குழைவார். பானெட்டில் கை வைத்து, "எந்தாடீ மோளே, நினக்கு எந்து பற்றி?" என்பார். என்னடி மகளே, உனக்கு என்ன ஆச்சு என்று அர்த்தம். லிசியிடம்கூட அப்படி அவர் கேட்டதில்லை என்று லிசியே சொல்லியிருக்கிறாள். ஆசான் பேசியதெல்லாம் மலையாளம்தான். பாதியைத் தமிழாக்கித் தருகிறேன், மீதி தானாகவே புரியும்.

வண்டி வந்து நின்றதும் ஆசான் சொல்கிற முதல் வார்த்தை, "ஒச்சை கேக்கட்டே." சத்தத்தைக் காட்டு. வண்டிக்காரர் சாவியை நீட்டுவார். ஆசான் வாங்கமாட்டார்.

"வண்டியல்ல. நீங்க. வாய் கொண்டு."

"வண்டி இங்கேதானே நிக்குது ஆசானே, ஓட்டிப் பாக்கலாமே?"

"வண்டி ஆசுபத்திரியில் வந்தா மிண்டாது. நீங்க காட்டு."

இங்கே வந்தால் வண்டி வாயைத் திறக்காது என்பது அவர் கட்சி. அது உண்மைதான். வாரக் கணக்கில் கத்திக்கொண்டிருந்த கார் எங்கள் வாசலுக்கு வந்ததும் பூனைக்குட்டியாகப் படுத்துக்கொள்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வாயால் சத்தம் செய்வதில் மட்டாஞ்சேரிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. மிளகுத் தரகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, காற்றிலேயே ஸ்டியரிங் பிடித்து, கியர் மாற்றி, "கிர்ர்ர்ர்" என்று ஒரு வளைவு திரும்பினார். கம்ப்ரசர் பேரிங் போய்விட்டது என்று அந்த வளைவிலேயே தெரிந்துவிட்டது. எர்ணாகுளத்திலிருந்து வந்த வக்கீல் ஒருவர் மட்டும், "ஒழுங்கற்ற, உலோகத் தன்மையுள்ள ஒரு இடையூறு" என்று நின்ற இடத்திலேயே வாதாடினார். ஆசான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வக்கீல் இரண்டு பக்கமும் பார்த்தார், ஜூனியரை வெளியே அனுப்பினார், பிறகு மெல்லிய குரலில் "கீ...ச்" என்றார். பெல்ட் வழுக்குகிறது. ஆசான் தலையாட்டியதில் வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாங்கள் பெல்ட்டை மாற்றி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து கீச் கீச் என்றுகொண்டிருந்தார்.

புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வந்தால் அன்றைக்கு வேலை கெட்டது. அவர் "டொக் டொக்" என்பார், அந்தம்மா "ஸ்ஸ்ஸ்" என்பார். உங்களுக்குக் காது கேட்காமல் இருப்பது இன்று நேற்றா என்று பேச்சு எங்கேயோ போகும். ஆசான் எப்போதும் மனைவி சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார். ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்க்கிற வேலை இருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது ஒன்றுதான் வேலை என்பார்.

காட்டியதை நாங்கள் திருப்பிச் செய்து காட்ட வேண்டும். வண்டிக்காரர் "அது தன்னே" என்று ஒப்புதல் தரவேண்டும். அதற்கப்புறம்தான் கேள்விகள். என்ஜின் வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? அப்படியானால் முன்பக்கம், பெல்ட்டும் கம்ப்ரசரும். உள்ளே காற்றைக் கூட்டினால் கூடுகிறதா? அப்படியானால் டேஷ்போர்டுக்குள் இருக்கிற விசிறி. எங்கள் ஊரில் பெரும்பாலும் அதில் எலி கொண்டுவந்து வைத்த சாக்குத்துணியோ அரிசியோ இருக்கும். இரண்டுக்கும் அசையாத சத்தம் என்றால் ஆசான் வேட்டியை மடித்துக் கட்டுவார்.

இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, ஏசிப் பொத்தான்களில் எதையும் நாங்களாகத் தொடக்கூடாது, வண்டிக்காரர் எப்படி வைத்துவிட்டு இறங்கினாரோ அப்படியே ஓட்டிப் பார்க்கவேண்டும். போலீஸ்காரர்கள் கொலை நடந்த அறையைப் பூட்டி வைப்பதைப் போல ஆசான் அந்தப் பொத்தான்களைக் காத்தார். இன்னொன்று, ஓட்டிப் பார்ப்பது தோப்பும்படிப் பாலம் வரைக்கும்தான். அந்த ரோடு சமமாக இருக்கும், சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று காரணம் சொல்வார். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சாயாக்கடையில் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போடுவார்கள். காரணம் அதுதான். பண்டகசாலைகள் இருக்கிற மட்டாஞ்சேரித் தெருக்கள் பக்கம் வாடிக்கையாளர் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. இஞ்சி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிய கைவண்டி உரசினால் யார் பதில் சொல்வது என்பார்.

இப்படி எல்லாம் சட்டப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் விசாலம் டீச்சர் வந்தார்.

டீச்சர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கணக்கு டீச்சராக இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு, பண்டகசாலைத் தெருவைத் தாண்டி உள்ளே இருக்கிற வீட்டில் தனியாக இருந்தார். தானே சின்னக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு கோயிலுக்கும், லைப்ரரிக்கும், தேவராவில் இருக்கிற தங்கை வீட்டுக்கும் போய்வருவார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, உட்காராமல் பேசினார்.

"ஏசி போட்டா ஒரு சத்தம் வரது. எப்பவும் வராது. நான் தனியா ஓட்டறச்சே மட்டும் வரது."

நானும் ஆசானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீங்களும் அப்படிப் பாக்கவேண்டாம். பெரிய சர்வீஸ் ஸ்டேஷன்ல பாத்தாச்சு, சத்தம் இல்லைன்னுட்டா. காது டாக்டர்கிட்டே போயாச்சு, காதுல குறையே இல்லைன்னுட்டார். காது நன்னா இருக்குன்னு தெரிஞ்சதும் என் பிள்ளை கணேசன் வேற டாக்டர்கிட்டே போலாமாங்கறான். மெல்போர்ன்லேர்ந்து லீவுல வந்திருக்கான். இந்த வண்டியை வித்துட்டு, கோயம்புத்தூர்ல வயசானவாள்ளாம் இருக்கற குடியிருப்புல என்னைக் கொண்டு விடணும்னு ஏற்பாடு பண்ணியாச்சு. வண்டி வாங்கறவர் நாளன்னிக்கு சாயங்காலம் வரார். சத்தம் உண்டுன்னு நீங்க கண்டுபிடிச்சா நான் இங்கே இருப்பேன். இல்லைன்னா கோயம்புத்தூர்."

கோயம்புத்தூரின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் டீச்சர் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் அது ஜெயில் மாதிரி கேட்டது. ஆசான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சரே, ஒச்சை கேக்கட்டே."

முறையை நான் விளக்கினேன். டீச்சர் முகம் சுளிக்கவில்லை. தேர்வுத்தாளை வாசிப்பதுபோல ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்: "எதெல்லாம் பண்ணிக் காட்டணும்?"

"ஒண்ணும் விடண்டா," என்றார் ஆசான். "காதில் விழுந்தது எல்லாம். விழுந்த முறையில்."

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று செய்தார்:

"டக்... டக்... டக்... டக் டக் டக்... ஹ... ஹ... ஹச்ச்!"

ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இவ்வளவு தெளிவான சத்தத்தை யாரும் அதுவரை கொண்டுவந்ததில்லை. ஆசான் அதைத் திருப்பிச் செய்தார். டீச்சர் குறுக்கிட்டு, "கடைசி ஒண்ணு இத்தனை நீளம் வேண்டாம், பட்டுனு நிக்கணும்" என்று திருத்தினார். ஆசான் மறுபடியும் செய்தார். "அதேதான்" என்று டீச்சர் ஒப்புதல் தந்தார்.

ஆசானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தனியே அழைத்து விளக்கினார். முதலில் வருகிற டக் டக் கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டாமல் தடுமாறுவது. அந்தத் தடுமாற்றத்தில் உள்ளே காஸின் அழுத்தம் ஏறுகிறது. "ஹ... ஹ..." என்பது ஏறுகிற அழுத்தம். "ஹச்ச்" என்பது அழுத்தம் தாங்காமல் வால்வு திறந்து காஸை வெளியே விடுவது. கேட்கக் கேட்க எனக்கும் புல்லரித்தது. ஒரு நோய் இவ்வளவு வரிசையாகத் தன் கதையைச் சொல்லுமா என்று நினைத்தேன்.

மீட்டரைப் பொருத்தி காஸ் அழுத்தம் பார்த்தோம். அச்சில் வார்த்ததுபோலச் சரியாக இருந்தது. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு தேடினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. கிளட்ச்சைக் கழற்றினேன். அது என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. பாலம் வரை ஓட்டிப் போனோம். சத்தம் இல்லை. பழம்பொரி சாப்பிட்டோம். திரும்பினோம். சத்தம் இல்லை. டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனோம், டீச்சரை ஓட்டச் சொல்லி நாங்கள் பின்னால் உட்கார்ந்து போனோம். குளிர்ந்த காற்று சீராக வந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பின் சீட்டில் ஆசான், "மோளே, ஒரு தவணை. ஒரே ஒரு தவணை" என்று, ஒரு தடவையாவது கத்தச் சொல்லிக் காரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். டீச்சர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். யாரை எந்த டாக்டரிடம் கொண்டுபோவது என்று அவர் யோசித்திருக்கவேண்டும்.

சாயங்காலம் கணேசன் வந்தார். நல்ல மாதிரி மனிதர். அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"சேட்டா, உள்ளதைச் சொல்லுங்கோ. சத்தம் உண்டா?"

"எங்களுக்குக் கேக்கலை, சார்."

அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குக் கேட்டுடணும்னுதான் நானும் பாக்கறேன். லீவுக்கு வந்த நாள்லேர்ந்து அம்மா பக்கத்துலதான் உக்காந்து போறேன். ஒண்ணும் கேக்கலை. கேக்கலைம்மான்னு சொல்லறப்போ அம்மா என்னைப் பாக்கறாளே, அதுதான் தாங்கலை. நான் அங்கே இருக்கேன். இங்கே இவ தனியா வண்டி ஓட்டிண்டு, இல்லாத சத்தத்தைக் கேட்டுண்டு... ஏதாவது ஆச்சுன்னா நான் எப்போ வந்து சேருவேன்?"

கையைத் துடைத்துக்கொண்டு காரின் பக்கம் பார்த்தேன். இத்தனை வருஷ வேலையில் ஒரு வண்டி சத்தம் போடவேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் முழுக்க டேஷ்போர்டின் அடிப்பாகத்தைக் கழற்றித் தேடினோம். இரண்டு ஏலக்காயும், எந்தக் காலத்திலோ காணாமல் போன டீச்சரின் குங்குமச் சிமிழும் கிடைத்தன. சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி வண்டியை டீச்சரிடம் கொடுத்தனுப்பினோம். அதற்கடுத்த நாள் வண்டி விற்கிற நாள். காலையில் டீச்சர் காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். வந்து நிறுத்திய வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"இன்னிக்கும் வந்தது. வர வழியிலே. நன்னாக் கேட்டது."

"டீச்சரே, ஒண்ணு கூடி காட்டுமோ?" என்று இன்னொரு தடவை செய்யச் சொன்னார் ஆசான். குரல் தேய்ந்திருந்தது.

"டக்... டக்... டக்... டக் டக்... ஹச்ச்! ஹச்ச்!"

ஆசான் நிமிர்ந்தார். "ரெண்டு தவணை?"

"இன்னிக்கு ரெண்டு தடவை."

"காரணம்?"

"மொளகாய் லோடு இறக்கிண்டிருந்தா. காரம் தாங்கலை."

ஆசான் என்னைப் பார்த்தார். மிளகாய்க்கும் வால்வுக்கும் என்ன உறவு என்று எனக்கும் தெரியவில்லை. நான்தான் மெல்லக் கேட்டேன்.

"டீச்சர், கடைசியில வர ஹச்ச்... அது காருக்குள்ள எந்தப் பக்கத்திலேருந்து வருது?"

"எந்தப் பக்கத்திலேர்ந்தா? என் மூக்கிலேர்ந்து. அது என் தும்மல்."

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்பானர் கீழே விழுந்தது. மூன்று நாளாக மீட்டரும் சோப்புத் தண்ணீரும் வைத்து ஒரு தலைமையாசிரியையின் தும்மலை நாங்கள் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆசான் அங்கே கிடந்த டயரின் மேல் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார். அந்த வேட்டியில் கறை பட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

"தும்மலையும் எதுக்கு டீச்சரே காட்டியது?"

"காதில் விழுந்தது எல்லாம்னு நீங்கதானே சொன்னேள்? விழுந்த முறையிலேன்னும் சொன்னேள். யாரோட சத்தம்னு நீங்க கேக்கலையே."

டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்ட கேள்விக்குக் கேட்டபடி பதில் எழுதியிருக்கிறார், முழு மார்க் போடவேண்டியதுதான். அப்போது ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த லிசி கதவை மூடிக்கொண்டாள். உள்ளே அவள் சிரித்தது ரோடு வரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆசான் தலையைத் தூக்கினார். "எப்போ தும்மும்? தினமும் உண்டோ?"

"பண்டகசாலைத் தெருவிலே வரச்சே மட்டும். முன்னாடியெல்லாம் தும்மலே வராது. மொளகாய் வாசனை வரதுக்கு முன்னாடியே வெளிக்காத்தை அடைக்கற பொத்தானை அமுக்கிடுவேன். இப்போ அமுக்கினாலும் தும்மல் வந்துடறது. தெரு தாண்டினதும் திரும்ப எடுத்துடுவேன். உள்காத்தையே சுவாசிச்சுண்டிருந்தா தூக்கம் வரும்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

ஆசான் எழுந்துவிட்டார். மோளே என்றுகூடச் சொல்லவில்லை. காரில் ஏறி, என்ஜினைப் போட்டு, ஏசியைப் போட்டார். அந்தப் பொத்தானின் முன் அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. எத்தனையோ வருஷமாக அவரே போட்டுவைத்த சட்டம் அது. பிறகு அமுக்கினார்.

டக். டக். டக். டக் டக் டக்.

டேஷ்போர்டில் சில்லறைச் சாமான் வைக்கிற பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய, திட்டமான சத்தம். டீச்சர் செய்து காட்டியதற்கும் அதற்கும் ஒரு இம்மி வித்தியாசம் இல்லை.

விஷயம் இதுதான். வெளிக்காற்று உள்ளே வருகிற வழியில் ஒரு சின்னக் கதவு உண்டு. பொத்தானை அமுக்கினால் ஒரு குட்டி மோட்டார் அதை இழுத்து மூடும். அந்த மோட்டாரின் பல்சக்கரத்தில் பல் தேய்ந்துவிட்டது. கதவு பாதி வரை வரும், பல் வழுக்கும், டக் டக் என்று அடித்துக்கொண்டு மோட்டார் களைத்து நின்றுவிடும். கதவு மூடாததால் மிளகாய் நெடி உள்ளே வரும். டீச்சர் தும்முவார். தெரு தாண்டியதும் பொத்தானைப் பழையபடி மாற்றிவிட்டு எங்களிடம் வருவார். நாங்கள் பொத்தானைத் தொடாமல், மிளகாயே இல்லாத ரோட்டில் பழம்பொரி வரை போய்த் திரும்புவோம்.

ஆசான் காரிலிருந்து இறங்கியபோது முகமே மாறியிருந்தது. "கேட்டோ செல்வா," என்றார். "கதவு மூடலை, அதனால் தும்மல். அப்போ தும்மலும் வண்டியின் கம்ப்ளெயிண்ட்தான். கடைசி ஒச்சையும் வண்டியுடையதுன்னு நான் ஆத்தியமே பறஞ்ஞில்லே?"

ஆரம்பத்திலேயே சொன்னாராம். நான் மறுக்கவில்லை. வேட்டி போன துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் அதையும் பிடுங்குவானேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தொடாதே. கணேசனை வரச்சொல்லியிருக்கேன்."

சத்தத்தை அப்படியே வைத்திரு என்று சொன்ன வாடிக்கையாளரை ஆசான் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கணேசன் ஆட்டோவில் வந்து இறங்கினார். டீச்சர் அவரை முன் சீட்டில் உட்காரவைத்தார். ஆசானும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பவில்லை, பண்டகசாலைத் தெருப் பக்கம் திரும்பியது. ஆசான் தன் இரண்டாவது சட்டமும் உடைவதைப் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். தெரு முனையிலேயே கணேசன் வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கப் போனார்.

"ஊர் வாசனைம்மா. சுக்கு, மொளகு... அங்கே இதெல்லாம் கிடைக்குமா?"

"கண்ணாடியைத் தூக்கு," என்றார் டீச்சர். "இத்தனை நாளும் நீ அதை இறக்கி விட்டதும் நான் ஏசியை அணைச்சுடுவேன், அந்தப் பொத்தானையும் அமுக்கமாட்டேன். ஒண்ணும் கேக்காம போனதுக்கு அதுதான் காரணம். இன்னிக்கு மூடிண்டு உக்காரு."

கணேசன் கண்ணாடியைத் தூக்கினார். எதிரே மிளகாய் மூட்டை ஏற்றிய கைவண்டிகள் வரிசையாக நின்றன. டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானை அமுக்கினார்.

டக். டக். டக். டக் டக் டக்.

கணேசன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். "அம்மா... ஹச்ச்!" பின்னால் ஆசான், "ஹச்ச்!" அவரைத் தொடர்ந்து நான். கைவண்டிக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, அடக்கமுடியாமல் சிரித்துக்கொண்டு போனார்.

"என்ன கேட்டது?" என்றார் டீச்சர்.

"சத்தம்மா."

"உரக்கச் சொல்லு."

"சத்தம் கேக்கறதும்மா! டக்டக்குன்னு கேக்கறது!"

கணேசனின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தும்மலால் என்று முதலில் நினைத்தேன். தெருவைத் தாண்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கும்மா, சத்தம் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்தே வண்டி வாங்க வருகிறவரைப் போனில் கூப்பிட்டார். வண்டி கொடுப்பதாக இல்லை என்றார். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "இல்லை, அதில் ஒரு சத்தம் உண்டு" என்றார் கணேசன், அவ்வளவு பெருமையாக.

புதுப் பல்சக்கரம் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் டீச்சர் வண்டியைக் கொண்டுவரவில்லை. லிசி போன் செய்தால் வரேன் வரேன் என்பார். லீவு முடிகிறவரை அம்மாவும் பிள்ளையும் அந்தக் காரில் சுற்றாத இடமில்லை என்று கேள்விப்பட்டோம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, எதிரே மிளகாய் இருக்கிறதோ இல்லையோ பொத்தானை அமுக்கிக் கேட்டுக்கொண்டே போனார்களாம். எர்ணாகுளம் சிக்னல் ஒன்றில் இரண்டு பேரும் மாறி மாறி டக் டக் என்று வாயால் செய்து சிரித்ததை எங்கள் எலக்ட்ரீஷியன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

கணேசனை நெடும்பாசேரி விமான நிலையத்தில் கொண்டு விட்டதும் டீச்சர்தான். அங்கிருந்து நேரே எங்களிடம் வந்தார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"இனிமே சரி பண்ணிடு."

அரை மணி வேலைகூட இல்லை. பெட்டியைக் கழற்றி, பல்சக்கரத்தை மாற்றி, மூடினேன். டீச்சர் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி எடுத்தார், மறுபடி அமுக்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. இந்தச் சனியனை இவ்வளவு நன்றாகச் சரிசெய்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

"எல்லாம் சரியாயிடுச்சா டீச்சர்?" என்றேன்.

"கேக்கலைம்மா, கேக்கலைம்மான்னு சொல்லிண்டே இருந்தான் கணேசன்," என்றார். "இப்போ பக்கத்துல உக்காந்துண்டு அதைச் சொன்னான்னா, சரியா இருக்கும்."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.